ஏரிக்கரை இருளரும் பஸ் ஸ்டாண்டு நரிக்குறவரும்

போன மாதம் அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூட ஒரு பென்ஷன் நண்பர். அவரும் வருவாய்த் துறைதான். பாசிமணி, ஹேர்பின், சேஃப்டி பின் எல்லாம் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நரிக்குறவர் அம்மாள் வந்து, "சாமி, ஊசி வாங்கிக்கோ சாமி" என்றார். நண்பர் பத்து ரூபாய்க்கு ஒரு கொத்து சேஃப்டி பின் வாங்கினார். அந்த அம்மாள் நகர்ந்ததும், "பாவம், இந்த இருளர் ஜனங்க எப்பதான் முன்னுக்கு வருமோ" என்றார்.

"இவங்க இருளர் இல்லே சார், நரிக்குறவர்."

"எல்லாம் ஒண்ணுதானேய்யா. ரெண்டு பேரும் எஸ்.டி.தானே?"

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. சாதிச் சான்றிதழ் கோப்புகளோடேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவரே இப்படிச் சொன்னால், மற்றவர்களை என்ன சொல்வது? ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் பழைய ஆட்கள் யாராவது படித்தால் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இருளர் இந்த மண்ணின் பூர்வகுடிகள். செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துக் காடும் ஏரியும் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நீலகிரி இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. நம் சமவெளி இருளர் பேசுவது தமிழ். கன்னியம்மா அவர்கள் தெய்வம். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள். அங்கேயே பெண் பார்த்து, அங்கேயே கல்யாணமும் முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. 1950ல் அரசியலமைப்பின்படி வந்த பழங்குடியினர் பட்டியலிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. பிறகு, மிகவும் நலிந்த ஆதி பழங்குடிகள் என்று மத்திய அரசு தனியாகப் பிரித்தபோது தமிழ்நாட்டில் ஆறு சமூகங்கள் அதில் வந்தன. அதிலும் இருளர் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர்; அதில் இருளர் சுமார் 1,90,000.

நரிக்குறவர் வந்து சேர்ந்தவர்கள். வடமேற்கிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் வந்தவர்கள் என்பதை அவர்கள் பேச்சே காட்டிக்கொடுக்கிறது. தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாக்ரிபோலி என்ற அந்த மொழி குஜராத்திக்கு நெருக்கம், எழுத்து கிடையாது. 1970ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டது. மராட்டியப் படையோடு வந்தோம் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளில் ஒன்று. எருமை பலி கொடுக்கும் பிரிவு, ஆடு பலி கொடுக்கும் பிரிவு என்று இரண்டு பெரும் பிரிவு. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சாமி மூட்டை இருக்கும். வேற்றாள் அதைத் தொடக்கூடாது. தமிழ்நாட்டுக் குறவர்களுக்கும் இவர்களுக்கும் உறவு கிடையாது. பெயரில் 'குறவர்' ஒட்டிக்கொண்டதே பிசகு என்று குறவர் சங்கங்கள் இன்றும் சண்டை போடுகின்றன. எம்.ஜி.ஆர். 1968ல் 'ஒளி விளக்கு' படத்தில் நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடிய பிறகு தமிழ்நாட்டில் அவர்களைத் தெரியாத குழந்தை கிடையாது. இருளருக்கு அப்படி ஒரு பாட்டு வாய்க்கவில்லை.

இங்கே என் கதை கொஞ்சம். நான் பிறந்தது 1951ல், புதுச்சேரியில். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சில். சரித்திரப் புத்தகத்தில் மெக்ஸிகோவில் ஸ்பானியர்கள் இறங்கியதும், கனடாவில் தோல் வியாபாரம் நடந்ததும் படம் போட்டு இருந்தது. கனடாவில் க்ரீ என்று ஒரு பூர்வகுடி. பிரெஞ்சில் 'க்ரி' என்றால் கூச்சல் என்றும் பொருள். வாத்தியார் அந்தப் பெயரைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். 1670ல் சாசனம் வாங்கிய ஹட்சன் பே கம்பெனி இந்த க்ரீ வேட்டைக்காரர்களுக்கு இலையுதிர் காலத்தில் துப்பாக்கி, மருந்து, கம்பளி எல்லாவற்றையும் கடனாகக் கொடுக்கும். அவர்கள் பனிக்காலம் முழுக்க நீர்நாய் போன்ற 'பீவர்' என்னும் பிராணியைப் பிடித்து, வசந்தத்தில் தோலைக் கொண்டுவந்து கடனை அடைப்பார்கள். அடைத்த கையோடு அடுத்த கடன். தோலுக்கு மாற்றாகக் கொடுத்த சாமான்களில் கண்ணாடிப் பாசிமணியும் ஒன்று. அன்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. ஐம்பது வயதுக்கு மேல் செங்குன்றம் பக்கம் ஒரு அரிசி ஆலைக் களத்தில் நின்றபோது அது திரும்ப ஞாபகம் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புதுச்சேரி எனக்கு இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. 1962 ஆகஸ்ட் 16ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. என் அப்பா கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கொடுத்தார். இரண்டு குடும்பமும் ஒரே சாதி, ஒரே கோயில், ஒரே கிணற்றுத் தண்ணீர். இருபது வருஷத்தில் எதிர்வீடு மாடி வீடு. பிள்ளைகள் பாரிசில். நாங்கள் அம்பத்தூரில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில். ஒரு தாள் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தே வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் பிற்பாடு என்ன செய்தேன் என்பதையும் இதிலேயே சொல்லத்தான் வேண்டும்.

சர்வீஸ் கமிஷன் எழுதி 1975ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தமிழில் கோப்பு எழுதக் கற்றுக்கொண்டதே அலுவலகத்தில்தான். ஹெட்கிளார்க் என் குறிப்புகளைப் பார்த்து, "இது தமிழா, துரைத்தமிழா?" என்பார்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ். 1961ல் டாங்கி ஃபேக்டரி. 1964ல் அம்பத்தூர் எஸ்டேட். ஆனாலும் எழுபதுகளில்கூட எஸ்டேட் சுவரைத் தாண்டினால் நெல் வயல்தான். கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தக் கோடியில் செம்பரம்பாக்கம். ஏரிக்கரைகளில் இருளர் குடிசைகள் ஐந்து, பத்து என்று இருக்கும். குனிந்துதான் உள்ளே போக முடியும்.

அவர்கள் பிழைப்பு அந்த வயலை நம்பி இருந்தது. அறுப்பு முடிந்ததும் வரப்பில் எலி வளை பார்ப்பார்கள். ஒரு மண்சட்டியில் ஓட்டை போட்டு, வைக்கோல் திணித்து நெருப்பு வைத்து, வளை வாயில் கவிழ்த்து, ஓட்டையில் வாயை வைத்து ஊதுவார்கள். புகை உள்ளே போனால் எலி மயங்கும். ஊதி ஊதி உதடு வெந்த இருளர்களை நானே பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கையால் சுற்றிப் புகை போடும் இரும்புக் கருவி செய்து கொடுத்தது. வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல் மரக்கால் கணக்கில் கிடைக்கும். எலி கறிக்கு, நெல் கஞ்சிக்கு. பயிர் பிழைத்ததால் மிராசுதாருக்கும் சந்தோஷம். இதல்லாமல் ஏரி மீன், ஈசல், தேன், மூலிகை, தோட்டக் காவல். காசு என்று பார்த்தால் பாம்புத் தோல் ஒன்றுதான். மெட்ராஸ் வியாபாரிகள் வாங்கிப்போய் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள்.

நரிக்குறவருக்கு நாட்டுத் துப்பாக்கிதான் மூலதனம். நரி, முயல், கவுதாரி, காடை, கொக்கு. நரிக்கொம்பு என்று ஒன்றைத் தாயத்துக்கு விற்பார்கள். ஊசியும் பாசியும் பக்கத் தொழில்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதியையும் தடை செய்தார்கள். ஒரே சட்டம் இரண்டு பேர் வயிற்றிலும் அடித்தது. அந்தச் சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிபட்ட பிறகு இரண்டு பேரும் விழுந்த இடம் ஒன்றல்ல. இதைத்தான் நண்பரிடம் சொல்ல நினைத்தேன்.

நரிக்குறவர் துப்பாக்கியை வைத்துவிட்டு, பக்கத் தொழிலாக இருந்த பாசியைப் பெரிய தொழிலாக்கிக்கொண்டார்கள். பாரிமுனை, சௌகார்பேட்டையில் மொத்தத்தில் மணி வாங்குவது, கோத்து மாலையாக்குவது, ஐயப்ப சீசனுக்குக் கேரளா, தீபத்துக்குத் திருவண்ணாமலை, திருவிழாவுக்கு வேளாங்கண்ணி. நகரம் வளர வளர பஸ் ஸ்டாண்டு பெரிசாயிற்று, கூட்டம் பெரிசாயிற்று, அவர்கள் கடைவீதியும் பெரிசாயிற்று. ஆவடியிலும் திருமுல்லைவாயிலிலும் அவர்கள் குடியிருப்பு நிலைத்தது இப்படித்தான். பணக்காரர் ஆனார்கள் என்று அர்த்தமில்லை. பிளாஸ்டிக் மணி வந்து விலையை இறக்கியது, வட்டிக்காரன் தொல்லை உண்டு, 2020 கொரோனாவில் கோயிலும் பஸ்ஸும் நின்றதும் ஒரேயடியாகப் படுத்தார்கள். அப்பா அம்மாவோடு ஊர் ஊராகப் போகிற பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் முடிக்கும்? இத்தனையும் இருந்தாலும், காலையில் எந்த ஊருக்குப் போவது என்பதை அந்த அம்மாளே தீர்மானிக்கிறார். சரக்கு அவருடையது. விலை சொல்வதும் அவர்.

இருளருக்கு நேர் எதிர். நகரம் வளர்ந்தது அவர்கள் வயலின் மேல்தான். வேலப்பன்சாவடி, திருமழிசை, திருநின்றவூர் என்று வரிசையாக நெல் போய் பிளாட் வந்தது. வயல் இல்லையென்றால் எலி இல்லை, காவல் இல்லை, கஞ்சி இல்லை. நம் வீடுகள் எல்லாம் அந்த பிளாட்டுகளில்தான் நிற்கின்றன, என்னுடையதும் சேர்த்து. நிலம் இல்லாதவனுக்கு நிலம் போன நஷ்டஈடு கிடையாது. அவன் செங்கல் சூளைக்குப் போனான், விறகு வெட்டப் போனான், அரிசி ஆலைக்குப் போனான். போகும்போது முன்பணம் வாங்கிக்கொண்டு போனான்.

இந்த முன்பணம்தான் விஷயம். பிள்ளைக்கு ஜுரம், பெண்ணுக்குக் கல்யாணம், தாய்க்குக் காரியம் என்று ஐந்நூறோ ஆயிரமோ வாங்குவார்கள். வாங்கின நாளிலிருந்து புருஷன், பெண்டாட்டி, குழந்தைகள் எல்லாரும் களத்தில். நெல்லை ஊறவைத்து, அவித்து, ராத்திரி இரண்டு மணிக்குக் களத்தில் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிட வேண்டும். கூலியில் பிடித்தம் போக மிச்சம் அரிசி வாங்கக் காணாது. கடன் எவ்வளவு அடைந்தது என்று எழுதிய நோட்டு முதலாளியிடம். இவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வெளியே போக வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் பிணையாக உள்ளே இருக்க வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தது. அவசரச் சட்டமாக அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. ஆனால் செங்குன்றம் ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்ட செய்தி 2000க்குப் பிறகும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்படி ஒரு மீட்புக்கு ஆர்.டி.ஓ.வோடு எழுத்தர் என்ற முறையில் நானும் போனேன். ஆலையின் பெயர் வேண்டாம். பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஒரு பெரியவரிடம், "எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டேன். "எங்க அப்பன் வாங்கினது சார்" என்றார். அந்த இடத்தில்தான் க்ரீ வேட்டைக்காரன் ஞாபகம் வந்தது. அவனாவது கடனை அடைத்துவிட்டு அடுத்த கம்பெனிக்குத் தோலைக் கொடுக்க முடிந்தது. இந்தப் பெரியவருக்கு அந்த வழியும் இல்லை. அந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கவும் கூடாது. ஸ்பானியன் ஆண்டான், பூர்வகுடி அடிமையானான். இங்கே வந்தேறிய நரிக்குறவர் யாரையும் ஆளவில்லை. இரண்டு பேரையும் வேறு யார் யாரோதான் ஆண்டார்கள்.

இருளர் எல்லாரும் இந்தக் கதிக்கு வந்தார்கள் என்றும் சொல்லக்கூடாது. 1978ல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் அதற்கு உறுதுணை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் திரும்பக் காட்டில் விடுவார்கள். பாம்புக்கடி மருந்து செய்ய அந்த விஷம்தான் நாடு முழுக்கப் போகிறது. கொன்றால் ஒரு தடவை காசு, உயிரோடு விட்டால் பல தடவை காசு என்ற கணக்கு அது. அங்கே முதலாளி சங்கம்தான், சங்கம் அவர்களுடையது. 2017ல் அதே இருளர் இருவரை அமெரிக்காவில் ஃபுளோரிடா வரை அழைத்துப்போய் மலைப்பாம்பு பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பிடித்தார்கள். ஆனால் சங்கத்தில் இருப்பது சில நூறு பேர். ஆலைக்கும் சூளைக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

இனி தாளுக்கு வருகிறேன்.

பட்டியலில் பெயர் 1950லிருந்தே இருந்தாலும், கையில் சான்றிதழ் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். 1986 என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரம் தாசில்தாரிடம். ஏரிக்கரையிலிருந்து ஒரு இருளர் வந்தார். பையன் ஐந்தாவது பாஸ், ஹாஸ்டலில் சேர்க்க எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். வராந்தாவில் செருப்பில்லாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நான் விதிப்படி கேட்டேன்: "உங்க சர்டிபிகேட் எங்கே? உங்க அப்பா ஸ்கூல் டி.சி. எங்கே?" அவர் சிரித்தார். "ஸ்கூலா?" வீட்டில் யாருமே பள்ளிக்கூடம் போகாததால்தான் அவர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். போகாததற்கு அத்தாட்சியாக நான் கேட்டது போன ரசீதை. பக்கத்து மேஜைக்காரர் வேறு, "எலி பிடிப்பியா? ஒண்ணு பிடிச்சுக் காட்டேன்" என்று வேடிக்கை செய்தார். நான் அதைத் தடுக்கவில்லை. 'ஆவண ஆதாரம் ஏதும் தாக்கல் செய்யப்படவில்லை. மனுவை நிராகரிக்கலாம்' என்று குறிப்பு எழுதி வைத்தேன். கையெழுத்தாகிவிட்டது. நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்று ஹெட்கிளார்க் அன்று பாராட்டினார். கர்ணம் இருந்த காலமென்றால் அவரையாவது கேட்கலாம். 1980லேயே அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். ஆனால் இது சாக்கு. சைக்கிளை எடுத்தால் அந்த ஏரிக்கரை இருபது நிமிஷம். போய்ப் பார்த்திருக்கலாம். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

1989 நவம்பரில் எஸ்.டி. சான்றிதழ் அதிகாரத்தை ஆர்.டி.ஓ.வுக்கு மாற்றினார்கள். போலிச் சான்றிதழ் பெருகிவிட்டது என்பது காரணம், அது உண்மையும்கூட. போலிக்காரன் ஜீப் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் போனான். ஏரிக்கரைக்காரனுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் கூடுதலாகப் போயிற்று.

நரிக்குறவருக்கோ தாள் தலைகீழ். அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அந்தச் சான்றிதழ் தாசில்தாரே கொடுத்துவிடுவார், சிரமமில்லை. ஆனால் அவர்கள் கேட்டது பழங்குடிப் பட்டியல். 1965ல் லோகூர் கமிட்டி அவர்களைச் சேர்க்கலாம் என்று சொல்லியும் ஐம்பத்தேழு வருஷம் கோப்பு நகரவில்லை. 2016ல் ஒரு மசோதா மக்களவை வரைக்கும் போய் நின்றுவிட்டது. பழங்குடி என்றால் என்ன என்று அந்தக் கமிட்டி ஐந்து அடையாளம் வைத்தது: ஆதி வாழ்க்கைக் கூறுகள், தனிப்பட்ட பண்பாடு, ஒதுங்கிய வசிப்பிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. நாலாவதைப் பாருங்கள். பஸ்ஸுக்கு பஸ் ஏறி, முன்பின் தெரியாதவன் முகத்துக்கு நேரே பாசியை நீட்டி விற்றால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். அவர்களிடம் கூச்சத்தை எங்கே தேடுவது? எங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிற ஒரு நரிக்குறவர் அம்மாளிடம் ஒருமுறை இதை விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கூச்சப்பட்டா சோறு போடுவியா சாமி?" என்றார்.

அந்த அம்மாளுக்குத் தாசில்தார் முதல் பியூன் வரை எல்லோரையும் தெரியும். எந்த நாற்காலியில் எந்தக் கோப்பு என்று தெரியும். 2008ல் நரிக்குறவர் நல வாரியம் வந்ததும், பட்டா வந்ததும் சும்மா இல்லை. அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியவை. இருளர் கேட்க மாட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். லோகூர் கமிட்டி சொன்ன கூச்சம் அவர்களிடம் நிறைய இருந்தது. அது பட்டியலுக்கு உதவியது, வேறு எதற்கும் உதவவில்லை. ஏரிக்கரைக் குடிசைக்குப் பட்டாவும் கொடுக்க முடியாது. நீர்நிலைப் புறம்போக்கு. தலைமுறை தலைமுறையாக ஏரியோரம் இருந்தவன் 2007 சட்டத்தின்படி ஆக்கிரமிப்பாளன்.

என் கணக்குப்படி, பிழைப்பில் நரிக்குறவர் ஒரு படி மேல், காரணம் முன்பணத்தில் சிக்கவில்லை. அதற்காக மரியாதை மட்டும் கூடுதலாகக் கிடைத்ததா? அதுவும் இல்லை. இருளரை ஊர் கண்டுகொள்வதில்லை. நரிக்குறவரைக் கண்டதும் விரட்டுகிறது. 2021ல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் ஒரு நரிக்குறவர் பெண்ணை உட்காரவிடாமல் எழுப்பியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் இரு தரப்பாருக்கும் பட்டா கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் ஆவடி குடியிருப்புக்கு வந்து ஒரு வீட்டில் சிற்றுண்டி சாப்பிட்டார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறி, தமிழ்நாட்டுப் பட்டியலில் நரிக்குறவரும் குருவிக்காரரும் சேர்ந்தார்கள். 2023 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அந்த இரண்டு இருளர்களுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மார்ச் கடைசியில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்தார்கள். சத்தம் எழுந்த பிறகுதான் விட்டார்கள்.

ஆக இன்றைக்கு நண்பர் சொன்னது சட்டப்படி சரி. இரண்டு பேரும் எஸ்.டி.தான். இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம், அதில் கூட்டமும் அதிகம். பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் 1 சதவீதம். அந்த ஒன்றுக்குள் இனி மனு போடத் தெரிந்தவரும் வராந்தாவில் உட்காருகிறவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நரிக்குறவருக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஐம்பத்தேழு வருஷம் காத்தவர்கள். வரிசை ஒன்றானதும் அந்த ஒன்று ஒன்றாகவே இருப்பதுதான் உறுத்துகிறது.

போன வாரம் எங்கள் தெருவில் குப்பை வண்டி ஓட்டும் தம்பி வீட்டுக்கு வந்தார். இருளர். முப்பது வயசு இருக்கும். மகள் பத்தாவது முடித்திருக்கிறாள், பிளஸ் ஒன் சேர்க்கச் சான்றிதழ் வேண்டும். நான் தாலுகாவில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சான்றிதழ் இல்லை. இ-சேவையில் பெற்றோர் சான்றிதழ் எண் கேட்கிற இடத்திலேயே நின்றுவிட்டதாம். "வேற ஏதாவது சர்க்கார் பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். அவருடைய அப்பாவை அரிசி ஆலையிலிருந்து மீட்டபோது கொடுத்த கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ். ஆர்.டி.ஓ. கையெழுத்து, கோபுர முத்திரை எல்லாம் இருந்தது. சாதி என்ற இடத்தில் கையால் 'இருளர்' என்று எழுதியிருந்தது. மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்தை இருளர் என்று சர்க்கார் எழுதிய ஒரே தாள் அதுதான்.

அதை முதல் ஆதாரமாக வைத்து நானே மனு எழுதிக் கொடுத்தேன். 'கள விசாரணை செய்து' என்ற வரியை மட்டும் அடிக்கோடிட்டேன். செவ்வாய்க்கிழமை கொடுத்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். விசாரணைக்கு இன்னும் யாரும் வரவில்லை.